செனன் பேரில் ஒரு ரீல்

கிளேர் சீமைப் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் கல்லில் பேர் வெட்டுவார்கள். அதில் என்ன பெருமை? காசு கொடுத்தால் யார் பேரையும் வெட்டித் தருவான். உயிரோடு இருக்கும்போதே ஒரு பாட்டுக்கு உன் பேரை வைத்தார்கள் என்றால்தான் நீ ஆள்.

கையகலப் பெட்டியை இழுத்து அமுக்கி வாசிக்கிற கோல்மன் பேரில் இரண்டு பாட்டு உண்டு. அவனுடைய செத்துப்போன கழுதை பேரில்கூட ஒன்று உண்டு. முப்பது வருஷமாகப் பிடில் வாசிக்கும் செனன் கான்சிடைன் பேரில் ஒரு மண்ணும் கிடையாது. கழுதைக்கு இருக்கிற கொடுப்பினை நமக்கு இல்லையே என்று அந்த மனுஷன் உள்ளுக்குள்ளே வெந்து கொண்டிருந்தார்.

செனனுக்கு வேலை, மாட்டுக்குச் செனை ஊசி போடுவது. பேரும் தொழிலும் இப்படி வாய்த்ததில் தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் சிரிப்பு. ஊர்க்காரர்கள் சிரிப்பதற்கு வேறு வைத்திருந்தார்கள். காளை செய்ய வேண்டிய காரியத்தை, தலையில் கம்பளித் தொப்பியோடு இவர் வந்து செய்துவிட்டுப் போகிறார் இல்லையா? அதனால் "தொப்பி போட்ட காளை." அந்தப் பட்டப்பேரைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலைமையில்தான் டெர்வ்லா ஊருக்குள் குடிவந்தாள். பிடில்காரி. புதுப்புது ரீலாகக் கட்டுகிறவள். ரீல் என்றால் நாம் விடுகிற ரீல் இல்லை. உட்கார்ந்திருப்பவன் காலையும் சும்மா இருக்க விடாத ஆட்டப்பாட்டு. முன்பாதி, பின்பாதி, இரண்டையும் சேர்த்து மூன்று சுற்று. அவளிடம் பெர்னடெட் என்று ஒரு கறுப்பு மாடும் இருந்தது. மாடு பருவத்துக்கு வந்ததும் செனனைக் கூப்பிட்டாள்.

தொழுவத்தில் செனனின் இடது கை தோள்வரைக்கும் பெர்னடெட்டுக்குள் இருந்த நேரம், அடுக்களை ஜன்னல் வழியாக ஒரு ரீல் வந்தது. யாரும் கேட்டிராத ரீல்! வலது கையில் ஊசிக்குழாய். என்ன செய்வார் பாவம்? தீவனத்தொட்டி விளிம்பில் வைத்திருந்த கைபேசியை மூக்கால் அமுக்கிப் பதிவு செய்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி டிம்ப்னாவிடம் திட்டத்தைச் சொன்னார். இந்தப் பாட்டை ஊரில் முதல் ஆளாகப் பிடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹோகன் பப்பில் எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும்போது டெர்வ்லா எதிரிலேயே வாசிக்க வேண்டும். அவள் உருகிப்போய், 'இதற்கு உங்கள் பேரையே வைக்கிறேன்' என்பாள்.

"ஏன்யா, நேரா போய்க் கேட்டா சொல்லித் தரமாட்டாளா?"

"கேட்டு வாங்குறதுல என்னடி கெத்து?"

"திருட்டுப் பால் குடிச்ச பூனைக்கு மாலை போடுவாங்கன்னு யாரு சொன்னா உனக்கு?"

மனுஷன் கேட்டால்தானே. வேனில் உட்கார்ந்து பாட்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்து, சுரம் சுரமாகக் கேட்டுத் தீவன மூட்டைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதினார். நடுநடுவே "நில்லும்மா, ராஜாத்தி, நில்லு" என்று ஒரு குரல். அது தன்னுடையதுதான் என்று புரிந்து அதை மட்டும் கவனமாக விட்டுவிட்டார். முன்பாதி வழுக்கிக்கொண்டு வந்தது. பின்பாதியில் ஓர் இடம்தான் உயிரை எடுத்தது. சிட்டாகப் பறந்துகொண்டிருந்த பாட்டு திடீரென்று அடித்தந்தியில் விழுந்து, அங்கிருந்து ம்ம்ம்... என்று ஒரு நீள இழுப்பாக மேலே ஏறியது.

"மாடு கத்துற மாதிரி இருக்கே," என்றாள் டிம்ப்னா.

"உனக்கு என்ன தெரியும்? இது நவீனம். இந்தக் காலத்துப் பிள்ளைங்க இப்படித்தான் போடுவாங்க."

அந்த இழுப்புக்காக மூன்று வாரம் நாயாய்ப் பாடுபட்டார். பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. டிம்ப்னா தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். கடைசியில் வில்லை எப்படிச் சாய்க்க வேண்டும் என்று பிடிபட்டபோது, வேனுக்குள்ளேயே அந்த மனுஷன் கண்ணீர் விட்டார்.

ஞாயிறு வந்தது. டெர்வ்லா கோல்மன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கோல்மன் தன் கழுதைப் பாட்டை முடித்துவிட்டுக் கறுப்பு பீரில் வாய் வைத்த இடைவெளியில், செனன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

ரீல் பிய்த்துக்கொண்டு போனது. பின்பாதியில் அந்த இழுப்பு வந்ததும் மேஜையே நிமிர்ந்தது. "அடேங்கப்பா!" என்றார் ஒருத்தர். இரண்டாம் சுற்றில் கோல்மனும் தொற்றிக்கொண்டான். அவன் பெட்டியில் அந்த இழுப்பு வராது. அதனால் பொறாமை தாங்காமல் வாயாலேயே "ம்ம்ம்ம்" என்று இழுத்தான். மூன்றாம் சுற்றில் பப்பே சேர்ந்து இழுத்தது.

டெர்வ்லா மட்டும் வில்லை மடியில் வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்தாள்.

"செனன், இது என் பாட்டு. இன்னும் யாருக்கும் வாசிச்சுக் காட்டினதில்ல. ஆனா அந்த இழுப்பு என்னுது இல்ல. அது எங்கேர்ந்து வந்துச்சு?"

வானொலியில் கேட்டேன், கனவில் வந்தது என்று என்னத்தையாவது ரீல் விட்டிருக்கலாம். ஆனால் அவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். இப்போதே சிவந்துவிட்டது.

"உங்க தொழுவத்துல பிடிச்சேன். அப்ப கை ரெண்டும்... வேலையா இருந்துச்சு. மூக்கால பதிவு பண்ணினேன். அந்த இழுப்பும் உங்களுதுன்னுதான் நினைச்சேன்."

டெர்வ்லா அந்த இழுப்பை ஒருமுறை வாய்க்குள்ளேயே இழுத்துப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அது பெர்னடெட்!"

பப் இடிந்து விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கிழவர் பல்செட்டைப் பீரில் தவறவிட்டார். "மாட்டுக்காரனுக்கே மாடு கத்துறது தெரியலயே!" என்று கோல்மன் தரையில் உருண்டான். செனன் பிடிலைப் பெட்டியில் வைக்கப் பார்த்தார். அரைகுறையாய் மூடிக்கொண்டு எழுந்தார். முப்பது வருஷ ஆசை மூன்று சுற்றில் நாசமாய்ப் போயிற்று. இனிமேல் இந்த மேஜைக்கு எந்த முகத்தோடு வருவது?

"எங்க போறீங்க?" டெர்வ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தாள். "அந்த இடத்துல என்ன போடுறதுன்னு தெரியாம நான் முட்டிக்கிட்டுக் கிடந்தேன். அது ஓட்டைன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். மாடு கரெக்டா அடைச்சிருக்கு. அது இனிமே பாட்டுலயே இருக்கட்டும். இன்னொண்ணு, நாளைக்கு வீட்டுக்கு வரணும் நீங்க. பாட்டு பிடிச்சீங்க, சரி. மாடு செனை பிடிக்கல."

மறுபடியும் பப் இடிந்தது.

"பேரு என்ன வைக்கப்போற?" என்று யாரோ கேட்டார்கள். செனன் மூச்சை அடக்கிக்கொண்டார். டெர்வ்லா அவர் தலையைப் பார்த்தாள். அதன்மேல் இருந்ததைப் பார்த்தாள்.

"தொப்பி போட்ட காளை."

பப் மூலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டிம்ப்னாவோடு செனன் வீட்டுக்கு நடந்தார். "ஆசைப்பட்டது கிடைச்சிருச்சுல்ல, அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் டிம்ப்னா.

"செனன் கான்சிடைன்னா வச்சா? காளைன்னுல்ல வச்சா!"

"கோல்மன் பாட்டை யாராவது பாடிக்கிட்டு வர்றாங்களா பாரு. உன்னுத ரோடு பூரா மாடு மாதிரி கத்திக்கிட்டே வர்றாங்க."

உண்மைதான். பின்னால் நடந்து வந்த கூட்டம் கத்திக்கொண்டுதான் வந்தது. கோல்மன் குரல்தான் அதில் உச்சம்.

மறுநாள் காலை டெர்வ்லா வீட்டுக்குப் போகும் முன் வேறொரு பண்ணையில் வேலை. பண்ணைக்காரி கொடியில் துணி போட்டுக்கொண்டே அந்த ரீலை முணுமுணுத்தாள். எங்கே, எப்போது கேட்டாளோ! இவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செனன் காதில் விழாதது போல நீளக் கையுறையை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்கு நடந்தார். அவள் மறுபடி ஆரம்பித்தாள். பின்பாதிக்கு வந்தாள். அந்த இழுப்பை அப்படியே விழுங்கிவிட்டு அடுத்ததற்குத் தாவினாள்.

செனனுக்குப் பொறுக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"தப்பு, தப்பு! முக்கியமான இடத்தையே விட்டுட்டியேம்மா. என் பாட்டு அது, சரியாப் பாடு. இப்படி..."

முற்றத்தின் நடுவில் நின்று, கையுறைக் கையை வில் மாதிரி நீட்டி, அடிவயிற்றிலிருந்து "ம்ம்ம்மா" என்று இழுத்தார். தொழுவத்தில் இருந்த அத்தனை மாடும் பதில் சொல்லிற்று.