அலுமாரி நாவலுக்குச் சட்டம் கொடுத்தது

அன்று கொமினிகேஷன் கடையில், கோல் எடுக்கவும் பிரிண்ட் எடுக்கவும் சனம் வருகிற கடையில், இருந்தவர்கள் இவர்கள். கடைக்காரி, கொம்பியூட்டருக்கு முன்னால். மீன் விற்கிற மச்சாள், கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு. ட்ரக்டர்காரன், என் வயதுக்காரன், இன்னும் கல்யாணம் கட்டாதவன். காத்தான்குடியிலிருந்து சீலை கொண்டுவந்து விற்கிற காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரன், நான்.

ஆளுக்கொரு கடதாசி. ஒவ்வொன்றையும் வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் கூத்துப் பழகத் தொடங்கும்போது சட்டம் கொடுப்பார்கள். ஆளின் உயரம், குரல் எல்லாம் பார்த்து, அவரவர் பாட்டும் பேச்சும் எழுதின தாளை வெற்றிலையோடு கையில் தருவார்கள். அதுதான் சட்டம். அதில் மற்றவன் பாட்டு இருக்காது. வாங்கினவன் தன் பங்கை வீட்டில் பாடமாக்கிக்கொண்டு வருவான். நான் இரண்டு கூத்து ஆடியவன். பெரிய வேஷம் இல்லை. சேவகன்.

"அண்ணன், என்ன செய்யிறீங்க?" என்று கேட்டாள் கடைக்காரி.

"சட்டம் குடுக்கிறன்."

"இது குடுக்கிற கடதாசி இல்ல. நீங்க நிரப்புற கடதாசி. நாவல் எழுதிறவர்தான் இருந்து நிரப்ப வேணும்."

"குடுத்தாச்சு" என்றேன். வெற்றிலையைத் திருப்பி வாங்குகிற வழக்கம் இல்லை.

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனால் மனதுக்குள் ஒரு நாவல் கிடந்தது. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, ஆமியின் கையில். அந்தப் பக்கம் படுவான்கரை, இயக்கத்தின் கையில். படுவான்கரைத் தகப்பன் ஒருவன் மகளின் கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் வந்து ஓர் அலுமாரி வாங்குகிறான். ஆள் உயரக் கண்ணாடி வைத்த அலுமாரி. அதை ட்ரக்டரில் ஏற்றித் துறைக்குக் கொண்டுபோய், பாதையில் வாவி கடத்தி வீடு சேர்க்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது ஆளும் சாமானும் ஏற்றுகிற மிதவை. ஒரே நாள் கதை. அவ்வளவுதான்.

அதை இரண்டு முறை கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இரண்டு முறையும் துறையில் நின்றுவிட்டது. அங்கே சென்றி, ஆமியின் காவலரண், இருக்கிறது. ஆமிக்காரன் கையைக் காட்டி நிறுத்துகிறான். அதற்குப் பிறகு என்ன? எனக்குத் தெரியாது. அடிக்கிறான் என்று எழுதலாம். விடுகிறான் என்று எழுதலாம். இரண்டும் நடக்கிறதுதான். இரண்டும் என் பேனையில் பொய்யாக வந்தது. மூன்றாம் முறையும் அதே இடத்தில் நின்றால் இனிமேல் இதைத் தொடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

கடைக்காரியின் தம்பி கட்டாரில் வேலை. கொம்பியூட்டரும் அவன் அனுப்பியது. ஒருமுறை ஒரு கட்டு சீடியும் வந்தது. அதில் ஒன்று நாவல் எழுதுகிறவர்களுக்கான சொஃப்ட்வெயர். அவள் போட்டுக் காட்டினாள். திரையில் பலகைபோல ஒன்று. அதில் சின்னச் சின்ன அட்டைகள். ஓர் அட்டை ஒரு காட்சி. தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று வரிசை. கொம்பியூட்டர் எலியால் பிடித்து இழுத்தால் பின்னால் கிடக்கிற காட்சி முன்னால் வரும். கொப்பி கிழிக்கத் தேவையில்லை. எனக்கு அது பிடித்துப் போனது.

"ஓசியா?" என்று கேட்டேன்.

"முப்பது நாள் ஓசி. பிறகு பூட்டிரும். திறக்கக் காசு கட்ட வேணும், அதும் வெளிநாட்டு பேங்க் அட்டையில."

"அதுக்குள்ள முடிப்பம்."

"அண்ணன் சைக்கிளுக்கு ரியூப் ஒட்டுற மாதிரிச் சொல்லுறீங்க" என்று சிரித்தாள்.

சொஃப்ட்வெயர் முழுக்க இங்கிலீசு. அவள் வாசித்துச் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன், அவள் அடிப்பாள். அட்டைக்குள் தமிழ் ஒழுங்காக வந்தது. அட்டையின் தலைப்பில் மட்டும் வராது. "துறை" என்று அடித்தால் இங்கிலீசு எழுத்தும் கமாவும் கலந்து ஏதோ கிடக்கும். பார்த்துப் பார்த்து அதையும் வாசிக்கப் பழகிவிட்டேன்.

ஆட்களுக்குத் தனி அட்டை. பெயர், வயது, அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, எதற்குப் பயம். நாவலில் முக்கியமான ஆட்கள் ஐந்து பேர். பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளையின் தாய், கல்யாணப் பெண், பாதை ஓட்டுகிறவன், ஆமிக்காரன். வீட்டில் வைத்து நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று ஐந்தையும் பிரிண்ட் எடுத்துத் தந்தாள். நான்தான் சட்டம் என்று நினைத்துப் பங்கிட்டேன்.

மீன்கார மச்சாளுக்கு மாப்பிள்ளையின் தாய். அவள் கடதாசியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதே."

"எழுத வேணாம். அண்டைக்கு விடியச் சாமத்தில இருந்து நீ என்ன செய்வாய் எண்டு யோசிச்சு வந்து சொல்லு."

"மாமியாரெண்டா எனக்கென்ன யோசினை? இப்பவே சொல்லட்டா?"

ட்ரக்டர்காரனுக்குப் பெண்ணின் தகப்பன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய், நான் இன்னும் ஒருத்தியையும் கட்டல்ல. எனக்குக் குமர்ப்பிள்ளையா?"

"கூத்தில நீ பொம்பிள வேஷமே கட்டினனீ. இது கஷ்டமா?"

"அது ஒரு ராவைக்குடா."

"இதும் ஒரு பகலைக்குத்தான்."

கல்யாணப் பெண் கடைக்காரிக்கு. பாதை ஓட்டுகிறவன் எனக்கு. கடைசியாக ஆமிக்காரன் மிஞ்சினான். அந்தக் கடதாசியை நீட்டினேன். ட்ரக்டர்காரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மச்சாள் ரோட்டைப் பார்த்தாள். காக்காதான் கையை நீட்டினார்.

"குடுங்க மச்சான். கிழமையில ரெண்டு தரம் அவங்கட மூஞ்சியப் பாக்கிறவன் நான். கண்ணப் பாத்தாத்தான் சீலைக்கட்ட அவிழ்க்கணுமா வேணாமா எண்டு எனக்கு விளங்கும்."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டார். கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

மச்சாள் அடுத்த நாளே வந்தாள். கூடையில் மீன் கொஞ்சம்தான் மிச்சம்.

"இஞ்ச பாருங்க மச்சான். அலுமாரி வாங்கப் போகக்குள்ள நானும் கூடப் போறன். பாத்த உடனே எனக்குத் தெரியும், அது பொண்ணுட வீட்டு வாசலுக்குள்ள நுழையாது."

"சொல்லுவியா?"

"ஏன் சொல்லுற? வாவி கடந்து போய் வாசல்ல முட்டட்டும். மறுகா, ஆ அப்பிடியா எண்டு கேப்பன்."

கடைக்காரி சிரித்துக்கொண்டே அடித்தாள். அந்த ஒரு பேச்சில் நான்கு அட்டை வந்தது.

ட்ரக்டர்காரன் கோபம் ஆறுவதற்கு ஒரு கிழமை எடுத்தது. ஒருநாள் டயர் ஒட்ட வந்தவன் போல வந்து நின்றான்.

"அலுமாரிய எப்பிடி ஏத்துவாய்?"

"படுக்க வைச்சு."

"விசரா உனக்கு? கண்ணாடி வெடிச்சிரும். நிமித்தித்தான் வைக்கோணும். ட்ரக்டர் பெட்டியில, பின்பக்கமா, கயிறு போட்டு. தகப்பன் பக்கத்தில நிண்டு பிடிச்சிக்கொண்டு வருவான். வேற ஆளிட்ட விடமாட்டான். துறைக்கு வாறதுக்கிடையில கை விறைச்சிரும்."

"அப்ப கண்ணாடி எந்தப் பக்கம் பாக்கும்?"

"ரோட்டத்தான். பின்னால வாற சனமெல்லாம் தங்கட முகத்தப் பாத்துக்கொண்டு வருங்கள்."

அவன் சொன்னபடி அடித்தோம். நடு வரிசை நிறைந்தது. நான் எழுதினால் அந்தத் தகப்பனுக்கு இப்படிக் கை விறைத்திருக்காது.

கடைக்காரி தன் அட்டையை எனக்குச் சொல்லாமலே அடித்து வைத்திருந்தாள். "என்ன வேண்டும்" என்ற இடத்தில் இப்படி இருந்தது: எல்லாரும் பாதையை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அலுமாரி வராவிட்டாலும் சரி.

அதில் ஓர் எழுத்தும் மாற்ற நான் விடவில்லை.

கதாநாயகன் யார் என்று கேட்டு ஒரு பெட்டி. அதை நான் வெறுமையாக விட்டேன். அது சிவப்பாக எரிந்துகொண்டே கிடந்தது.

"ஆரையாவது போடுங்க அண்ணன். பிழை எண்டு காட்டுது."

"காட்டட்டும்."

முடிவு வரிசையில் ஒன்றும் இல்லை. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, ஷெல் சத்தம் திரும்பவும் வாவிக்கு மேலால் கேட்கத் தொடங்கியிருந்தது. ரோட்டைப் பூட்டினார்கள். காக்கா வரவில்லை. சுற்றிவளைப்பு வந்தது, கடைகள் திறக்கவில்லை. கரண்ட் நின்றது. சொஃப்ட்வெயருக்கு அதெல்லாம் தெரியாது. கடை பூட்டிக் கிடந்த நாளையும் அது கணக்கில் எடுத்தது. திறந்து பார்த்தபோது மீதி மூன்று நாள் என்று காட்டியது.

"நீங்களே ஆமிக்காரன எழுதுங்களன்" என்றாள் கடைக்காரி.

"சட்டம் அவரிட்ட."

"அவர் வராட்டி?"

ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வராவிட்டால் துறையோடு முடிந்தது. அதை எனக்குள் பழக்கப்படுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரோட்டைத் திறந்தார்கள். காக்கா வந்தார். சீலைக்கட்டு சின்னதாக இருந்தது. இறங்கின கையோடு கடதாசியை எடுத்தார். ஒரு சொல்லும் எழுதவில்லை. வெற்றிலைக் கறை மட்டும் இருந்தது. மச்சாளும் ட்ரக்டர்காரனும் வந்து சேர்ந்தார்கள்.

"மச்சான், உங்கட ஆமிக்காரன் ரெண்டு கிழமையா என்னைக் கொல்லுறான். இண்டைக்குத்தான் ஆளப் புடிச்சன்."

"எங்க?"

"வாற வழிச் சென்றியில. ஒருத்தன் கையைக் காட்டினான். நிப்பாட்டினன். கட்டத்தான் அவிழ்க்கச் சொல்லப் போறான் எண்டு பாத்தா, குனிஞ்சு என்ட மோட்டார் சைக்கிள் கண்ணாடியில முகம் பாக்கிறான். சீப்பெடுத்துத் தலை இழுக்கிறான். லீவாம். ஊருக்குப் போறானாம். சின்னக் கண்ணாடி, ஒரு கண்ணும் ஒரு காதும்தான் தெரியும். இங்கால அங்கால கிறுகிக் கிறுகிப் பாக்கிறான். நான் அசையாம நிக்கிறன்."

மச்சாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"அப்ப உங்கட அலுமாரிக் கண்ணாடி ஆளுயரம் எண்டா" என்றார் காக்கா, "அவன் என்ன செய்வான்?"

"அப்ப அவன் நல்லவன் எண்டு சொல்லுறீங்களோ?" என்று ட்ரக்டர்காரன் பாய்ந்தான்.

"நல்லவன் எண்டு நான் சொல்லல்ல தம்பி. தலை இழுத்தான் எண்டு சொன்னன்."

எனக்குத் துறை திறந்தது. அலுமாரி நிமிர்ந்து நிற்கிறது. கண்ணாடி ரோட்டைப் பார்க்கிறது. ஆமிக்காரன் தன்னைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கிறான். தோளில் தொங்குகிற துவக்கோடு. பாதை காத்துக்கொண்டு நிற்கிறது. தகப்பன் விறைத்த கையை எடுக்கவில்லை. சீப்பெடுத்துத் தலை இழுக்கிறான். அவன் கண்ணாடியில் கையை ஊன்றி ஒருமுறை கிட்டப் பார்க்கிறான். பிறகு போ என்கிறான். கண்ணாடியில் அவன் கை பதிந்து கிடக்கிறது.

"அத ஆர் துடைக்கிற?" என்று கேட்டேன்.

"நான் துடைப்பன்" என்றாள் மச்சாள். "என்ட மகன் முகம் பாக்கப்போற கண்ணாடி. அதில அவன்ட கையோ?" பிறகு சொன்னாள்: "மறுகா வாசல்ல முட்டினாலும் நான் ஒண்டும் கேக்க மாட்டன்."

அன்று பின்னேரம் அடிக்கத் தொடங்கினோம். பாதி அடித்ததும் கரண்ட் போனது. அடுத்த நாள் முழுவதும் வரவில்லை. கடைசி நாள் காலையிலும் இல்லை. கடைக்காரி கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

பத்து மணியிருக்கும். ட்ரக்டர் சத்தம் கேட்டது. பெட்டியில் ஜெனரேட்டர். கோயில் திருவிழாவுக்கு லைட் போடுகிறவர்களிடம் கேட்டு வாங்கி, தன் டீசலும் ஊற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"உனக்கார் சொன்ன?" என்றேன்.

"ஆர் சொல்லோணும்? என்ட மகளுட கல்யாணம். நான் பாக்காம ஆர் பாக்கிற?"

ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் வசனத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நான் கத்தினேன், அவள் அடித்தாள். ரோட்டால் போனவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் நின்று, "மறுகா ஆமிக்காரன் என்ன செஞ்சான்?" என்று கேட்டான். உள்ளே வந்து இருந்துவிட்டான். மத்தியானம் தாண்டி முடிவு வரிசை நிறைந்தது.

"கதாநாயகன்?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டாள்.

"விடு. வெறுமையாக் கிடக்கட்டும்."

பிரிண்டர் ஒவ்வொரு அட்டையாகக் கக்கியது. சூடு ஆறமுன் எடுத்து என் கடைச் சுவரில் ஒட்டினேன். டயர் மாட்டுகிற ஆணிகளைக் கழற்றி இடம் எடுத்தேன். ரியூப் ஒட்டுகிற பசைதான். தொடக்கம், நடு, முடிவு. சுவர் காணாமல் கதவிலும் ஒட்டினோம். ட்ரக்டர்காரன் தகப்பன் வருகிற அட்டைகளை வந்தவனுக்கெல்லாம் தொட்டுக் காட்டினான். மச்சாள் தன்னுடையது எது எது என்று கேட்டு அடையாளம் பார்த்துக்கொண்டாள். காக்கா இரண்டு நாள் கழித்து வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "நம்மட வேலதான்" என்றார்.

பிறகு நாவல் எழுதினேன். அச்சிலும் வந்தது. படித்தவர்கள் கூட்டம் வைத்துப் பேசினார்கள். இந்த நாவலின் அமைப்பை எங்கே கற்றீர்கள் என்று ஒருவர் கேட்டார். சைக்கிள் கடைச் சுவரில் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சுவரைப் போல ஒன்றை நான் அதற்கு முன் செய்ததில்லை. பின்னும் இல்லை.

கடைசி அட்டை ஒட்டின அன்று பின்னேரம் சொஃப்ட்வெயர் பூட்டிக்கொண்டது. எனக்கு அதில் கவலை ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தி, முன்னால் நின்று, விரல் வைத்து முதலிலிருந்து எண்ணினேன். துறையில் நிற்காமல் கடைசிவரை எண்ணினேன்.

மொத்தம் அறுபத்து மூன்று காட்சி.