பந்தி வரிசையில் ஒரு குடோன்

எடமலைப்பட்டி புதூர் தாண்டினால் எங்கள் மளிகைக் குடோன். ஆன்லைனில் ஆர்டர் வந்ததும் ரேக் ரேக்காக ஓடி, சாமானைத் தேடி டிராலியில் போட வேண்டும். உப்பு ஒரு மூலையில் இருந்தால் புளி வேறொரு மூலையில் இருக்கும். ஸ்ரீரங்கத்துக்குச் சாமான் கொண்டுபோகிற வேன் தினமும் லேட். இப்படியே போனால் பாதிப் பேரை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்தப் புது சூப்பர்வைசர் வந்தார். தொப்பை அவருக்கு முன்னால் வரும். எதைக் கையில் எடுத்தாலும் முகர்ந்து பார்ப்பார். எல்லா ரேக்கையும் கலைத்து, கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற வரிசையில் அடுக்கச் சொன்னார். முதலில் உப்பு, ஊறுகாய். பிறகு பருப்பு, நெய், சாம்பார் சாமான், ரசப்பொடி, பாயசத்துக்குச் சேமியா. கடைசியில் பாக்கு.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பினாயிலை எங்க சார் வைக்கிறது?"

"இலை எடுத்தப்புறம் இடத்தைத் துடைக்க வேணாமாங்க? பாக்குக்கு அந்தாண்ட வைங்க."

"அப்ப ஷாம்பு?"

"குளிக்காமயா கல்யாணத்துக்கு வருவீங்க? வாசல்லயே வைங்க!"

குடோனே குலுங்கியது. ஆனால் யாருக்கும் வரிசையைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பந்தியில் உட்காராத ஆள் யார்? "சாம்பார் வருது, சாம்பார்!" என்று கத்திக்கொண்டே டிராலி தள்ளினோம். அன்று வேன் முன்னதாகவே நிறைந்துவிட்டது. டிரைவரைத்தான் டீக்கடையில் போய்த் தேட வேண்டியிருந்தது.

அந்த சூப்பர்வைசர் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது எந்தக் குடோனை முகர்ந்துகொண்டிருக்கிறாரோ! போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். இலையில் பருப்பு விழுந்தது, நெய் வராமலே சாம்பார் வந்துவிட்டது.

"நெய் ஸ்டாக் இல்லையா?" என்று பந்தியே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.