நடுக்கம் நின்ற கை

எங்க சலூன்ல மூணு நாற்காலி. கதவோரம் என்னோடது, நடுவுல முதலாளி, நல்ல வெளிச்சம் விழுற கடைசி நாற்காலி வெண்ணெய்க்கையோடது. அந்தப் பட்டப்பேர் சும்மா வரல. அவன் சவரம் பண்ணினா கத்தி பட்டதே தெரியாது. பாதிப் பேர் உக்காந்தபடியே தூங்கிடுவாங்க. என் நாற்காலி காலியா இருந்தாலும் அவனுக்காகக் காத்துக் கிடப்பாங்க. எனக்கு வயிறு எரியும். அதுல பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

அப்படிப்பட்டவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. இடது கையில ரத்தக்குழாயை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துத் தச்சு, அதுல ஊசி குத்தி, மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. உசிரு தங்குச்சு, ஆனா ஆள் பாதியாயிட்டான். அவனுக்குன்னு இருந்தது ஒரே ஒரு அக்கா. லாண்டரியில நாள் பூரா நின்னுக்கிட்டே துணி தேய்க்கிறவ. "தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்ல, வேற என்ன பண்ணச் சொல்றீங்க"ன்னு கேட்டுட்டு, தன்னோட கிட்னி ஒண்ணைக் குடுத்தா. அவ புருஷனுக்கு இது பிடிக்கல. ஆஸ்பத்திரியிலருந்து வயித்துல தையலோட வீட்டுக்குப் போனா, கதவுல வேற பூட்டு தொங்குது. லாண்டரிக்குப் பின்னாடியே ஒரு ரூம் பிடிச்சுக்கிட்டா.

டாக்டரம்மா அக்கா தம்பி ரெண்டு பேரையும் உக்கார வச்சு விவரமா சொல்லியிருக்காங்க. "உடம்புக்குள்ள காவல் அணுக்கள் இருக்கு. வீட்டு நாய் மாதிரி, புதுசா யார் வந்தாலும் கடிக்கும். அக்கா குடுத்த கிட்னியையும் கடிக்கும். அதுங்க வாயைக் கட்டத்தான் இந்த மாத்திரை. ஆயுசு பூரா போடணும்."

போட்டான். கிட்னி நல்லா வேலை செஞ்சுது, ஆனா மாத்திரை கையில வேலையைக் காட்டிருச்சு. விரல் எல்லாம் நடுங்க ஆரம்பிச்சுது. டாக்டரம்மாகிட்ட சொன்னான். அளவை முன்னப் பின்ன மாத்திப் பாத்துட்டு, இதுக்கு மேல குறைக்க முடியாது, பொறுத்துக்கோங்கன்னுட்டாங்க. கழுத்துல கத்தி வைக்கிறவன் கை ஆடினா எவன் பொறுத்துப்பான்? ஒரு ஆளுக்குக் காதோரம் கீறி விட்டான். அந்த ஆள் பாதி மூஞ்சி நுரையோட எந்திரிச்சு வெளியே போயிட்டார். அன்னைக்கே முதலாளி அவன் கையில துடைப்பத்தைக் குடுத்தார். கடைசி நாற்காலி எனக்கு வந்துச்சு, நானும் வேண்டாம்னு சொல்லல.

பட்டப்பேரையும் நான்தான் மாத்தி வச்சேன். "ஏய் பூகம்பம், டீ வாங்கிட்டு வா. பாதியாவது மிச்சம் இருக்கட்டும்." வந்தவங்க எல்லாம் சிரிப்பாங்க. அவனும் கூடச் சேர்ந்து சிரிச்சுக்கிட்டே கீழ கிடக்கிற முடியைக் கூட்டுவான்.

அப்புறம் அவனுக்கு வைரஸ் காய்ச்சல் வந்துச்சு. எங்க எல்லாருக்குமே வந்துச்சு, படுத்தோம், எந்திரிச்சோம். அவனுக்கு நெஞ்சுக்குள்ள இறங்கி மூச்சு விட முடியாமப் போச்சு. நாயோட வாயைக் கட்டிப்போட்ட வீட்டுல திருடனுக்கு என்ன பயம்? டாக்டரம்மா மாத்திரையைப் பாதிக்கு மேல குறைச்சாங்க. கட்டு அவுந்ததும் அணுக்கள் எழும்பி வைரஸை அடிச்சு விரட்டிருச்சு. பிழைச்சான். "அடுத்த வாரம் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரையைப் பழையபடி ஏத்தணும். மறந்துடாதீங்க, அணுக்கள் இப்போ வெறியில இருக்கு"ன்னு சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க.

கடைக்கு வந்தவன் துடைப்பத்தை எடுக்கல. ஒரு டம்ளர்ல தண்ணியை விளிம்பு வரைக்கும் ஊத்தி, வலது கையால தூக்கிப் பிடிச்சான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தல. என்னைப் பாத்து, "உக்காருண்ணே"ன்னான். நானும் உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல நானே தூங்கிட்டேன். அதை நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது. மறுநாளே அவன் நாற்காலி அவனுக்குத் திரும்பிப் போயிருச்சு.

டெஸ்டுக்கு அவன் போகவே இல்ல. போனா மாத்திரையை ஏத்துவாங்க, ஏத்தினா கை மறுபடி ஆடும். அக்கா தினமும் மத்தியானம் போன் பண்ணுவா. இவன் யாரோ ஒருத்தர் தாடையில கத்தியை வச்சுக்கிட்டே பேசுவான்.

"மாத்திரை ஏத்திட்டாங்களாடா?"

"ஏத்திட்டாங்கக்கா."

"கை?"

"ஆடுதுக்கா."

"ஆடட்டும். அது ஆடினாத்தான் எனக்கு நிம்மதி."

கொஞ்ச நாள்ல அவன் கால் வீங்கி, செருப்பு வாரை அறுத்துவிட வேண்டியதாச்சு. நாள் பூரா நிக்கிறோம்ல, அதான் வீங்குதுன்னான். ஒரு நாள் போன் வரல. அக்காவே நேர்ல வந்து நின்னா. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலருந்து பாத்தா. தம்பி மூஞ்சியைப் பாக்கல, கையைத்தான் பாத்தா. அவன் ஒருத்தருக்கு மீசை ஒதுக்கிக்கிட்டிருந்தான். அது முடியுற வரைக்கும் நின்னுட்டு உள்ளே வந்தா.

"கையை நீட்டு."

நீட்டினான். இம்மிகூட அசையல. அவ கத்தல, திட்டல. எனக்கு அவளை நிமிர்ந்து பாக்கத் தைரியம் வரல. "கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு"ன்னா. துணைக்கு நானும் போனேன்.

ஊசி குத்திக் கிட்னியிலருந்து துளி சதை எடுத்துப் பாத்தாங்க. உள்ளே அணுக்கள் அப்பிக் கிடந்துச்சாம். பெரிய ஊசியெல்லாம் போட்டுப் பாத்தாங்க, அதுங்க அடங்கல. டாக்டரம்மா ஒளிக்காம சொல்லிட்டாங்க. "காய்ச்சல்லருந்து இவரைக் காப்பாத்தினதும் அந்த அணுக்கள்தான், இப்போ கிட்னியை அழிச்சதும் அதேதான். சீக்கிரம் வந்திருந்தா நிறுத்தியிருக்கலாம்."

அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டா. "கூடப் பிறந்தவளோடதுன்னு அதுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியாதும்மா. அதுக்கு எல்லாம் அந்நியம்தான்."

"அவனுக்கே தெரியல. அதைக் குத்தம் சொல்லி என்ன பண்ண"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சா.

மறுபடியும் மெஷின்தான். இடது கையில முன்னாடி தச்ச இடம் அடைச்சுப் போச்சு, வேற வழி இல்லாம இந்தத் தடவை வலது கையில தச்சாங்க. ரத்தமெல்லாம் தச்ச வழியிலேயே திரும்பி ஓடிருது, விரலுக்குப் போய்ச் சேரல. விரல் அஞ்சும் சில்லுனு மரத்துக் கிடக்கு. நடுக்கம் சுத்தமா இல்ல, ஆனா சீப்பைக்கூடப் பிடிக்க முடியல. கடைசி நாற்காலி இப்போ என்கிட்ட இருக்கு. அவனைப் பூகம்பம்னு கூப்பிடுறதை மட்டும் விட்டுட்டேன்.

தையல் பிரிச்ச அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தேன். அக்கா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வந்து எட்டிப் பாத்தா. அவன் எந்திரிக்கப் போனான். "அக்கா"ன்னு மட்டும்தான் சொன்னான்.

"எந்தக் கையில தச்சிருக்காங்க?"

வலது கையைத் தூக்கிக் காட்டினான். தையல் பிரிச்ச இடத்தையும் விரலையும் கொஞ்ச நேரம் பாத்தா.

"சரி"ன்னுட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு போயிட்டா.