பத்தமடையில் படுத்துவிட்ட கார்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைப் பாளையங்கோட்டைக்குத் தேர்வு எழுதக் கூட்டிப்போனேன். வங்கி வேலைக்கான தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் விட்டவள். ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் அழுது புரண்டாலும் திறக்க மாட்டார்கள். அதனால் அம்பாசமுத்திரத்தில் இருந்து விடியக்காலையிலேயே கிளம்பிவிட்டோம். கார் பழசு. நான் ஓட்டக் கற்று நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

சேரன்மகாதேவி தாண்டியதும் மழை கொட்டித் தீர்த்தது. முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து பத்தமடை வந்து, ஒரு ஓட்டல் வாசலில் ஒதுக்கினேன். முன்னே பின்னே போய் மூன்றாவது தடவையில்தான் கார் ஒழுங்காக நின்றது. இறங்கி ஓடும்போது, எதிரே லோடு ஆட்டோவில் பாய்க்கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தபடி ஐந்து விரலையும் விரித்து விரித்து மூடிக் காட்டினார். பொம்பளை கார் ஓட்டும் லட்சணத்தைக் கிண்டல் பண்ணுகிறார் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உங்க சோலியப் பாத்துட்டுப் போங்க! அக்கா தங்கச்சியோட பொறக்கலையா?" என்று கத்தினேன். இருபது வருஷம் வகுப்பறையில் பழகிய தொண்டை. ஓட்டலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் செத்துப்போயிற்று.

சாப்பிட்டுவிட்டு மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. எட்டரைக்கு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்கிறது, வண்டி எடுக்கவில்லை. முன்விளக்கை அணைக்காமலே போயிருக்கிறேன்! அந்த மனுஷர் விரலை விரித்து மூடிக் காட்டியது இதைத்தான். பஸ்ஸும் அப்போதுதான் போயிருந்தது. மகள் ஹால் டிக்கெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "அம்மா, பரீட்சை..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அவரேதான் வந்தார், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு.

"எக்கா, மொதல்ல லைட்ட அணைங்க. ரெண்டாம் கியர்ல போட்டு கிளச்ச மிதிச்சுக்கிடுங்க. நான் சொல்லும்போது பைய விடணும்."

பின்னால் ஒருவர் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. "ஏலே, ஒன்ன ஏசிட்டுப் போனது இந்த அக்காதான?"

"வாய மூடிட்டுத் தள்ளுலே. பிள்ளைக்குப் பரீட்சையாம்."

முதல் தடவை வண்டி குலுங்கி நின்றுவிட்டது. சேற்றுத் தண்ணீர் அவர் வேட்டியெல்லாம் தெறித்தது. இரண்டாவது தடவை இன்ஜின் பிடித்துக்கொண்டது. "நிக்காதீங்க, அணைச்சிராதீங்க, போங்க போங்க!" என்று கத்திக்கொண்டே கூட ஓடி வந்தார். ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. பாளையங்கோட்டையில் மகள் உள்ளே நுழைந்தபோது, காவலர் கேட்டைச் சாத்தக் கை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது பத்தமடையில் இறங்கி அவரைத் தேடிப் போனேன். "காலையில உங்கள ரொம்ப ஏசிட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றேன்.

அவர் பாய்க்கட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "ஏசுனீங்களா? மழை எரைச்சல்ல எனக்கு ஒண்ணுமே கேக்கலியே. அத விடுங்க, பிள்ள நல்லா எழுதுச்சா?" என்றார்.

பொய் சொன்னால் பிள்ளைகளை முட்டி போடவைக்கும் டீச்சர் நான். அன்று அவர் சொன்ன அந்தப் பொய்யின் முன்னால் என் மனசு இன்னும் முட்டி போட்டே நிற்கிறது.