இரண்டு கொடி போட்ட பேனர்

1. முதல் நாள்

“வேற பெரியாளுங்க யாரும் இல்லீங்களா லாயரம்மா? இந்தப் பாப்பாவா எம்மகளைக் கொண்டாரப் போவுது?”

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முனுசாமி அங்கிள் என்னைப் பார்த்துக்கொண்டே என் மேலதிகாரியிடம் கேட்டது இது. மேலதிகாரி ரேச்சல் மேடம் சிரித்துவிட்டார். “இந்தப் பாப்பா மூணு பாஷையில சண்டை போடும் அங்கிள். உக்காருங்க லா.”

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், பிறகு ஒரு பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவர். நான் பட்டம் வாங்கிய படத்தை வீட்டு வாசலுக்கு நேராக மாட்டி வைத்திருக்கிறார். ஆகவே அங்கிள் சொன்னதற்கு நான் கூசவில்லை. “லெட்டரெல்லாம் நான்தான் எழுதுவேன் அங்கிள். எழுதினதும் தமிழ்ல சொல்றேன். சரியில்லன்னா திட்டுங்க” என்றேன்.

அவருடைய மகள் கலைவாணி மருத்துவமனைத் தாதி. பத்து காஜா என்ற ஊருக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பிரிட்டனில் பல வருடம் வேலை செய்துவிட்டு வளைகுடா நாடொன்றில் மருத்துவமனை வேலைக்குப் போனார். அங்கே தாதிகளை ஒரே அறையில் அடைத்துத் தங்க வைத்திருந்ததைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதினார். நாட்டை அவமதித்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றச்சாட்டுப் பதிவாகவில்லை, விசாரணையும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

2. வெள்ளிக்கிழமை அழைப்பு

வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை, கலைவாணி சிறையிலிருந்து அப்பாவுடன் போனில் பேச அனுமதி உண்டு. வீட்டில் லைன் சரியாகக் கிடைக்காது என்று அங்கிள் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிடுவார். ஸ்பீக்கரில் போட்டு, உடல்நிலை பற்றி என்ன சொல்கிறார் என்று நான் குறித்துக்கொள்வேன். அந்தப் பக்கம் காவலர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த வேலையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய விதி அது.

கேஸைப் பேசக் கூடாதென்றால் வேறு என்ன பேசுவது? கலைவாணி ஒரு வழி கண்டுபிடித்தார்.

“அப்பா, பஸ் ஏறி வந்தியா? எங்கெங்க நின்னுச்சு, சொல்லு.”

“பத்து காஜாவுல ஏறுனேன். பூசிங் வந்துச்சு. மார்க்கெட்டுப் பக்கம் ஒரே ஜாம்.”

“அப்புறம்?”

“பாப்பான். லாஹாட். அப்புறம் மெங்லெம்பு.”

“கச்சான் வாசனை வந்துச்சா?”

“பஸ்ஸுல ஏர்கோன் போட்டுட்டாங்கம்மா. கண்ணாடி தொறக்கல.”

“அடுத்த வாரம் எறங்கி மோந்து பாத்துட்டு வா.”

அடுத்த வாரம் அங்கிள் நிஜமாகவே மெங்லெம்புவில் இறங்கி, ஒரு பொட்டலம் கச்சான், அந்த ஊர் வேர்க்கடலை, வாங்கி, போனுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தார். ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டதும், “இன்னொண்ணு ஒடைப்பா” என்றார் கலைவாணி.

நான் கலைவாணியை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் வியாழன் மாலையே எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது. அலுவலகத்துக்கு வரும் வழியில் யாராவது கச்சான் தின்றால் அவருக்காக மூச்சை இழுத்துக்கொள்வேன்.

3. நாங்கள் சொல்லாமல் வைத்தது

கலைவாணியிடம் இரண்டு பாஸ்போர்ட் இருந்தன. பிரிட்டனில் குடியுரிமை வாங்கியபோது மலேசியக் குடியுரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. விஷயம் எழுத்தில் பதிவானால் ஐசியை, மலேசியக் குடிமகள் என்று காட்டும் அடையாள அட்டையையே, பறிக்கலாம். விடுதலையானாலும் சொந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணியாகத்தான் வர முடியும். அதனால் மனுக்களிலும் பத்திரிகைகளிலும் அவரை மலேசியர் என்று மட்டுமே எழுதினோம்.

மலேசியத் தரப்பு அதிகாரி ஒருவர், எதையும் எழுத்தில் வைக்காமல், போனில் கேட்டார்: “அவங்க அந்த நாட்டுக்குள்ள போன பாஸ்போர்ட் நம்மளோடது இல்லையே. நாங்க எப்படிப் போய்ப் பார்க்கிறது?” பிரிட்டன் பக்கம் கேட்டால், குடும்பம் தங்களிடம் இன்னும் எழுத்துமூலம் கேட்கவில்லையே என்றார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள். துரியான் பருவம் ஒன்று போய் அடுத்தது வந்துவிட்டது.

4. திருவிழா

கலைவாணி பிறந்த அந்தத் தோட்டம் இப்போது இல்லை. மரங்களை அழித்து வீடு கட்டிவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். ஆனாலும் திருவிழாவுக்கு ஜோகூர், சிங்கப்பூர் என்று சிதறிப்போன எல்லோரும் வந்துவிடுவார்கள். அங்கே மனுவுக்குக் கையெழுத்து வாங்கலாம் என்று நானும் போனேன்.

நுழைவாயிலில் ஒரு பெரிய பேனர். நடுவில் தாதி உடையில் கலைவாணி. ஒரு பக்கம் மலேசியக் கொடி, மறு பக்கம் பிரிட்டிஷ் கொடி. ‘இரு நாட்டுக் குடிமகள் கலைவாணியை இரு நாடும் மீட்டுத் தரவேண்டும்.’ கீழே வரிசையாகக் கைகூப்பிய கோயில் கமிட்டிக்காரர்களின் படங்கள். தலைவர் படம் கலைவாணி படத்தைவிடப் பெரிது.

அங்கிளைத் தேடிப் பிடித்தேன். “அங்கிள், இத யாரு அடிச்சது?”

“நாந்தாம்மா. நல்லாருக்கா?” என்றார் பெருமையாக. “தலைவரு மூஞ்சிய ஓரத்துல போடச் சொன்னேன், கேக்கல.”

“கொடி அங்கிள். ரெண்டு கொடி. அவங்க ஐசி போயிரும்னு சொன்னேன்ல?”

“தனித்தனியா கேட்டோம், ஒருத்தனும் வரல. ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிட்டுப் பாப்போம்னு அடிச்சேன். எம்பொண்ணு ரெண்டு ஊரு நோயாளிக்கும் பணிவிடை செஞ்சவ. இதுல ஒளிக்க என்னா இருக்கு?”

பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, “ஏற்கனவே குரூப்புல போட்டாச்சு தங்கச்சி. லண்டன்ல இருக்க நம்ம ஆளுங்களும் ஷேர் பண்றாங்க” என்றார்.

5. கலைவாணி சொன்னது

அடுத்த வெள்ளிக்கிழமை, பஸ் நின்ற ஊர்களைச் சொல்லிக்கொண்டு வந்த அங்கிள், பாப்பான் வருவதற்கு முன்பே நிறுத்தினார். நான் கையால் தடுத்தும் கேட்டுவிட்டார்.

“ரெண்டு பாஸ்போர்ட்டையும் சொல்லிட்டோம்மா. ஐசிய எடுத்துருவாங்களாம். என்னா செய்யட்டும்?”

லைன் துண்டிக்கப்படும் என்று நினைத்தேன். துண்டிக்கவில்லை.

“ஐசி இல்லன்னா மெங்லெம்பு பஸ்ஸுல ஏத்த மாட்டாங்களாப்பா?”

“ஏத்துவாங்கம்மா. டிரைவரு என்னாத்தக் கேக்கப் போறான்?”

“அப்ப எந்த நாட்டு ஆளா வந்தா என்ன. எனக்கு வெளிய வரணும்ப்பா.”

அன்றைக்கே ரேச்சல் மேடமும் நானும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். இரண்டு குடியுரிமையையும் சொல்லி, ஒரே மனுவை ஒரே நாளில் இரண்டு தூதரகத்துக்கும் கொடுத்தோம். லண்டனில் இருக்கும் தோட்டத்து ஆட்கள் தங்கள் தொகுதி எம்.பி.யைப் போய்ப் பார்த்தார்கள். சில வாரங்களில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவர் கலைவாணியைச் சிறையில் சந்தித்தார். அவரைப் பார்க்க வெளியிலிருந்து ஒருவர் போனது அதுவே முதல் முறை. இப்போது விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஐசி பற்றி நம் பக்கத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. வந்தால் அதற்கும் வாதாடுவோம்.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று உள்ளே இருப்பவருக்காக நாம் முடிவெடுக்கப் பழகிவிடுகிறோம். எதை இழக்கத் தயார் என்று அவரிடம் கேட்க ஒரு வழியைத் தேடுங்கள்.

முனுசாமி அங்கிள் பிறந்ததிலிருந்து பாஸ்போர்ட் எடுத்ததில்லை. சென்ற வாரம் அதை எடுக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். படத்துக்குக் கறுத்த உடை வேண்டும் என்றார்கள். என் கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டேன், பொத்தான் எட்டவில்லை. அன்றே பாஸ்போர்ட் கையில் கிடைத்தது. விசாரணை நாளில் கோர்ட்டுக்குள் உட்கார அனுமதி கேட்டு, எங்கள் இருவர் பெயரையும் அந்த நாட்டில் கலைவாணிக்காக வாதாடப்போகும் வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டேன்.