ஊற்றிலேயே குடித்துவிட்டு வந்தவர்

ரோஜாச் செடிக்கு அடிக்கப் பூச்சிமருந்துப் புட்டியைத் திறந்தேன். எங்கள் பழைய வீட்டுத் தண்ணீரின் வாசம் அடித்தது.

மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு. ஓடையிலிருந்து வாசல் குழாய்க்குத் தண்ணீர் வரும். குடித்தால் முதலில் இனிக்கும், பிறகு தொண்டையில் லேசாகக் காறும். மலைத் தண்ணீரின் ருசியே தனி என்று இத்தனை வருஷம் பெருமையடித்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை. சாயங்காலம் வந்ததும் அம்மா செம்பில் தண்ணீர் நீட்டுவாள்.

"மேல ஊத்துலயே குடிச்சிட்டேன். புள்ளைக்குக் குடு" என்பார். நான் வாங்கிக் குடிப்பேன்.

இப்போது அப்பா என்னோடுதான் இருக்கிறார். புட்டியை அவர் மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மருந்து டிரம்மையெல்லாம் எங்க கழுவுனீங்க, அப்பா?"

"ஓடையிலதான். நம்ம குழாய்க்கு மேல."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொன்னா வேலையும் போயிருக்கும், வீடும் போயிருக்கும்ல."

சரி, எஸ்டேட்காரனிடம் சொல்லியிருக்க வேண்டாம். மத்தியானச் சோறு கொண்டுபோன தூக்குவாளியை மருந்து கலக்காத அந்த மேல் ஊற்றில்தான் கழுவுவார். தினமும் அதைக் காலியாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.