அம்மாவிடம் நான் சொன்ன செய்தி

காவல் நிர்வாகம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் காவலர் வந்தார். "மொதல்ல உக்காருங்கம்மா" என்றார் அம்மாவிடம். எனக்குப் புரிந்துவிட்டது. சாவுச் செய்தி சொல்லப் போனால் முதலில் உட்காரவைக்க வேண்டும், பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தோம். திருமழிசை கம்பெனியில் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் கிளம்பிய அண்ணன் இன்னும் வரவில்லை.

"இன்னா சார், எம்புள்ள நல்லா கீறானா?" என்று அம்மா கேட்டாள்.

காவலர் என்னைப் பார்த்து இல்லையென்று தலையை மட்டும் அசைத்தார்.

"அண்ணன் நம்மள உட்டுட்டுப் பூட்டாம்மா" என்று நான்தான் சொன்னேன். அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

என்னை எஸ்.ஐ. ஆக்கிப் பார்க்க ஆசைப்பட்டவன் அண்ணன்தான். படிப்பை முடித்தேன். எஸ்.ஐ. தேர்வு மட்டும் எழுதவே இல்லை; இன்னொரு அம்மாவை உட்காரவைத்துச் சொல்ல என்னால் முடியாது.